காந்தம் ஒட்டாத கத்தி

கோட்டையூர் காசிவிஸ்வநாதனுக்கு எவர்சில்வரைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்று உறவினர்கள் நம்பினார்கள். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பார். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி. அவருடைய மொத்தப் படிப்பும் இதுதான். இதை வைத்துக்கொண்டே பெரிய மனிதராக வாழ்ந்துவிட்டார்.

மனைவி போன பிறகு தானே சமைத்துச் சாப்பிட்டார். பக்கவாதம் வந்து இடது கையில் பிடி தளர்ந்ததும், நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவள் என்று என்னைப் பகலுக்கு அமர்த்தினார்கள். சமையலை மட்டும் அவர் விடவில்லை; காய் நறுக்கும்போது அடுத்தடுத்துக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டார். கோயம்புத்தூரிலிருந்து மகள் சௌபர்ணிகா போனில் கண்டிப்பாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம வர்றேன் அப்பச்சி. கை இப்படியே இருந்தா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துருங்க."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கையைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தேன். கண்ணாடி போல ஒரு பளபளப்பு. தக்காளித் தோலில் வழுக்கி ஓடியது. தீட்டினேன், ஒரு வெங்காயம் நறுக்குவதற்குள் மழுங்கிவிட்டது. கரண்டி செய்கிற தகட்டைக் கத்தி என்று எவனோ விற்றிருக்கிறான். இவரும் காந்தம் வைத்துப் பார்த்து, திருப்தியாக வாங்கியிருக்கிறார்.

செக்காலைக் கடைவீதியில் மலிவாக ஒரு கத்தி வாங்கி வந்தேன். உடனே காந்தத்தை எடுத்தார். ஒட்டியது.

"மீனம்மா, கடைக்காரன் உன் தலையில நல்லா மொளகா அரச்சிருக்கான்!"

"ஒட்டட்டுமேண்ணே. அதுல கொழம்பா வைக்கப் போறீக? காய்ச்சி இறுக்குன எஃகுதான் கூர் பிடிக்கும், அது காந்தத்துல ஒட்டத்தான் செய்யும்னு கடைக்காரர் சொன்னாரு."

"விக்கிறவன் ஆயிரம் சொல்லுவான். இது துருப்பிடிக்கும்."

"கழுவித் தொடச்சு வச்சா ஒண்ணும் ஆகாது. உங்க கத்தி துருப்பிடிக்கல, சரிதான். தக்காளிய விட்டுட்டு உங்க வெரலத்தான வெட்டுது?"

காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதுக் கத்தியைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் அடுப்படியில் வந்து நின்றாள். கௌரவம் விடுமா? தன் பழைய கத்தியைத்தான் எடுத்தார். தக்காளியில் வைத்து அழுத்தினார். அலகு சறுக்கிக் கட்டைவிரல் ஓரத்தில் போய் நின்றது. மகளின் முகம் மாறியது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் புதுக் கத்தியை எடுத்தார். தக்காளி இரண்டாகப் பிளந்தது. கூடையில் இருந்த மிச்சத்தையும் நறுக்கி முடித்தார்.

"கை நல்லாத்தான இருக்கு அப்பச்சி!"

"கைக்கு என்ன? கத்திதான் சரியில்ல. நாந்தான் மீனம்மாள அனுப்பி நல்லதா ஒண்ணு வாங்கச் சொன்னேன்."

கூச்சமே இல்லாத மனிதர்.

மகள் அன்று சாயங்காலம் தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

அந்த மலிவுக் கத்தியும் ஒன்றும் உத்தமம் இல்லை. வாரம் தவறாமல் தீட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டேன். கல்லை இடது கையால்தான் பிடிக்க வேண்டும் என்பது என் உத்தரவு. கைக்குப் பிடி வர அமுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைத் தொட்டே பார்க்காதவர், மட்டச் சரக்கு என்று கத்தியைத் திட்டிக்கொண்டே கல்லை நன்றாக அமுக்கிப் பிடிக்கிறார்.