இறக்காமத்தில் எழும்பி நடந்த வண்டுகள்

போன சனிக்கிழமை இறக்காமத்துக்கு நெல் பார்க்கப் போனேன். செத்துக் கிடந்த வண்டுகள் எழும்பி நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் யாரைக் கண்டாலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கல்முனையில் என் ஸ்டோர் நிறையச் சுத்தமான அரிசி. வெளி நெல்லோடு வண்டு உள்ளே வந்தால் எனக்குத்தான் அடி. அதனால் எவ்வளவு மலிவு என்றாலும் கண்ணால் பார்க்காமல் வாங்குவதில்லை. காலை எட்டு மணிக்கு நிஸ்தாரின் ஆட்டோவில் கிளம்பினேன். சம்மாந்துறை வழியாக ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். காத்திருந்து திரும்பிவர ஆறாயிரம் ரூபா.

விற்பவர் ஸித்தி ராத்தா, கணவர் இறந்தபின் வயலைத் தனியாகச் செய்பவர். நூறு மூட்டை சம்பா. அந்தப் போகத்தில் அவருக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். அவருடைய ஸ்டோரில் சுவரோரமெங்கும் வண்டுகள் மல்லாந்து கிடந்தன.

"நேத்து மருந்தடிச்சன் தம்பி. பாருங்க, எல்லாம் மௌத்து!"

"அளவாப் போட்டீங்களா ராத்தா?"

"மருந்து விக்கிற விலைக்கா? பாதிதான் போட்டன். அதுக்கே மௌத்தாப் போயித்துதானே!"

ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் நல்ல நெல்லும் அந்த வண்டுகளில் ஒரு பிடியும் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்தேன். குளத்து மீன் ஆணத்தோடு சோறு தந்தார். சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால், போத்தலுக்குள் காலாட்டம்! ஒன்று புரண்டது, தள்ளாடியது, நெல்லுக்குள் புகுந்தது. பிறகு இன்னொன்று!

நிஸ்தார் கத்தினான்: "ராத்தா, உங்கட மையத்தெல்லாம் எழும்பி நடக்குது!"

"வாயப் பொத்துடா!" என்றவர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அப்ப என்ட நெல்லு?"

குறைந்த மருந்து வண்டை மயக்கிப் போடும். பல தெளிந்து மூட்டை இடுக்கில் ஒளியும். தெளிந்தவை சிலவேளை குறைவாக முட்டையிடும், சிலவேளை கூடவும் இடுமாம். தாங்கிப் பிழைத்தவையே பெருகினால் பிறகு முழு அளவும் பிடிக்காமல் போகலாம். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் இதைச் சொன்னபோது கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது கண்முன்னே!

நெல் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், போத்தலும் கொண்டுபோங்கள். மல்லாந்த வண்டைக் கண்டதும் விலை பேசாதீர்கள், மத்தியானம்வரை பொறுங்கள். பொழுதுபடுமுன் திரும்பிவிடுங்கள், குளத்தடிப் பாதையில் யானை வரும்.

"கிலோவுக்கு நூற்றிமுப்பது தாங்க தம்பி."

"நடக்கிற வண்டுக்கும் சேத்தா ராத்தா?"

சிரித்துவிட்டார். கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம். மூட்டைகளை வெளியே எடுத்துக் காயவைத்துச் சல்லடையில் அரிப்பது அவர் பொறுப்பு. வெறுமையாகும் அவருடைய ஸ்டோரைக் கூட்டி, லேபிளில் உள்ள முழு அளவில் மருந்தடிக்கும் செலவில் பாதி என்னுடையது. வருகிற சனிக்கிழமை மூட்டைக்கு மூட்டை அரித்துப் பார்ப்பேன். ஒரு வண்டு நடந்தாலும் வாங்கமாட்டேன். ஒன்றும் இல்லையென்றால் கிலோ நூற்றிருபத்தைந்து ரூபா, ஏற்றுக்கூலி என்னுடையது.