விழுவதற்குச் சம்பளம்

பஸ்ரியனைப் பற்றி எழுதச் சொன்னால் நம் சனம் முதலில் சிரிக்கும். சிரித்துவிட்டுத்தான் பாவம் என்று சொல்லும். எனக்கு அந்தப் பாவத்தைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அன்றைக்கு முதலில் சிரித்தவன் நான்.

மன்னாரில் அவன் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். எண்பத்துநாலில் ரொறன்ரோ வந்து, அஜின்கோர்ட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்த அப்பார்ட்மென்ற்றில் ஆறாவதாக ஒரு மெத்தையைப் போட்டான். வேரோனிக்காவைக் கல்யாணம் முடித்து நாற்பது நாளில் ஊரில் விட்டுவிட்டு வந்தவன். அவள் எங்கள் கோயில் பங்குப் பிள்ளை, எனக்குத் தங்கச்சி முறை. அவளைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்கு நிரந்தர வதிவிடம் வேண்டும். நேர்முகத்துக்குப் போகும்போது, நிலையான வேலையில் இருக்கிறான் என்று முதலாளி எழுதிய கடிதம் கையில் இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவனுடைய முதலாளி டெனிஸ் என்ற இங்கிலாந்துக்காரன். அஜக்ஸில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். பட்டறைச் சுவரில் ஒரு பழைய நிகழ்ச்சி அட்டை, கண்ணாடி போட்டுத் தொங்கியது. இங்கிலாந்தில் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு முதன்முதலாக லீக் வைத்த ஆண்டில், 1929இல், டெனிஸின் தகப்பன் ஓட்டப்பாதையில் கரி மண்ணை வாரி மட்டம் செய்கிற கூலி. அந்த ஒரு சீசனின் கதையை மகன் வேதம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தான். எண்பத்தாறில் அவனுக்கு விசர் முற்றி, விட்பிக்கு அப்பால் ஒரு சந்தை மைதானத்தை வாடகைக்கு எடுத்து, தன்னைப் போல நாலைந்து இங்கிலாந்துக்காரரைச் சேர்த்து, நாலு அணி வைத்து ஒரு லீக் தொடங்கினான்.

அந்தப் பந்தய மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. ஒரே கியர். நாலு பேர், நாலு சுற்று, இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். திரும்பும்போது இடது காலை மண்ணில் ஊன்றி இழுப்பார்கள். அதற்காகச் சப்பாத்துக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்று கட்டுவார்கள். அந்தத் தகடுகளை எல்லா அணிக்கும் அடித்துக் கொடுத்தவன் பஸ்ரியன்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு இரண்டு பேர் ஓட வேண்டும். டெனிஸிடம் ஆள் போதவில்லை. பஸ்ரியனைப் பார்த்து, நீயும் ஓடு, சீசன் முடிய வேலைக் கடிதம் தருகிறேன் என்றான்.

ஓடு என்று சொன்னானே தவிர, ஓடுவதற்கு எடுக்கவில்லை. விழுவதற்கு எடுத்தான்.

ஓட்டத்தில் ஒருவன் விழுந்து, பாதையை விட்டு எழும்பாமல் கிடந்தால் சிவப்பு லைற் போட்டு ஓட்டத்தை நிற்பாட்டுவார்கள். விழுந்தவனை நீக்கிவிட்டு மற்ற மூன்று பேரையும் புதிதாக ஓட விடுவார்கள். டெனிஸின் அக்கா மகன் கெனிதான் அணியின் பெரிய ஓட்டக்காரன். கெனி பின்தங்கினால் டெனிஸ் நடு மைதானத்தில் நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டுவான். பஸ்ரியன் உடனே விழ வேண்டும். கெனிக்கு இரண்டாம் தரம் ஓடக் கிடைக்கும். தகப்பன் காலத்தில் செய்த தந்திரம் என்று டெனிஸ் பெருமையடிப்பான். உண்மையோ பொய்யோ, செத்த தகப்பன் வந்து மறுக்கப் போவதில்லை.

பஸ்ரியன் அந்தத் தொழிலையும் ஒழுங்காகப் பழகினான். எப்போதும் வெளிப்பக்க வேலிப் பக்கமாகவே விழுவான். பின்னால் வருகிற எல்லோருக்கும் அது தெரியும். தொப்பி ஆடியதைக் கண்டால் உள்பக்கத்தால் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. அவன் வேலியோரம் அடுக்கின வைக்கோல் கட்டுகளில் முட்டிக் கிடந்து, சிவப்பு லைற் வந்ததும் எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்து போவான். அந்தக் கோடையில் பதினேழு தரம் விழுந்தான்.

சனிக்கிழமைகளில் நாங்கள் அதைப் பார்க்கவென்றே போனோம். என்னுடைய பழைய இம்பாலா காரில் ஏழு பேரை அடைத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஓடுவேன். எங்களோடு இருந்த நீக்கிலாஸ், இன்றைக்கு எந்தச் சுற்றில் விழுவான் என்று காருக்குள்ளேயே பந்தயம் பிடிப்பான். கிழமை முழுக்கக் கோப்பை கழுவி, வெள்ளைக்காரனிடம் ஏச்சு வாங்கின கூட்டத்துக்கு, தங்களை விடக் கேவலமாக உழைக்கிற ஒருவனைப் பார்க்கக் கிடைத்தால் விடுமா? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவன் வேரோனிக்காவுக்கு எழுதுகிற கடிதத்தை நான்தான் தபாலில் போடுவேன். அடியில் நாலு வரி சேர்த்து எழுதுவேன். உன் புருஷன் கனடாவில் விழுந்து விழுந்து உழைக்கிறான், விழ விழத்தான் சம்பளம், சரியான நடிகன் என்று எழுதினேன். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது என்று அவளும் பதில் போட்டாள்.

கடைசிப் போட்டி செப்ரெம்பரில் வந்தது. கடைசி ஓட்டத்தில் எங்கள் பக்கத்தில் ஒருவன் முதலாவதாக வந்தால் கிண்ணம் டெனிஸுக்கு. பாதைக்குக் குறுக்கே கட்டின தொடக்க நாடா மேலே போனதும் பஸ்ரியன் எப்படியோ முன்னால் வந்துவிட்டான். அந்தச் சீசனில் ஒரு நாளும் அவனுக்கு முன்னால் வெறும் பாதை இருந்ததில்லை. இரண்டு சுற்று அவனே முன்னால். கெனி கடைசி. முன்னால் போகிறவனும் தன்னுடைய ஆள்தானே என்று டெனிஸ் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கிண்ணத்தைக் கெனிதான் தூக்க வேண்டும், இவன் கடைசி வரை பிடிக்க மாட்டான் என்று நினைத்தானோ என்னவோ, தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

மூன்றாம் சுற்றின் வளைவில் பஸ்ரியன் விழுந்தான்.

ஆனால் வெளிப்பக்கமாக விழவில்லை. பள்ளமொன்றில் சைக்கிள் சில்லு இறங்கி, உள்பக்கமாகப் போய் விழுந்தான். பின்னால் வந்தவன் வழக்கம் போல உள்பக்கத்தால் வெட்டினான். பிரேக் இல்லாத சைக்கிள் பஸ்ரியனின் இடது முழங்காலில் ஏறி இறங்கியது. கிடந்தபடியே அவன் கையைத் தூக்கி ஆட்டினான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீக்கிலாஸ் எழும்பி நின்று கை தட்டினான்.

“இண்டைக்குத்தான் திறமா விழுந்திருக்கிறான்” என்றான்.

முதலுதவி வான் வண்டியில் இருந்த இரண்டு பேரும் ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் அவனைப் பதினேழு தரம் பார்த்தவர்கள், இறங்கவில்லை. பாதை மட்டம் செய்கிற இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்கும்போது இடது காலின் சப்பாத்து மற்றப் பக்கம் பார்த்துத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் நாங்கள் சிரிப்பை நிற்பாட்டினோம்.

முதலுதவி வான் மைதானத்தில் நின்றால்தான் ஓட்டம் நடக்கலாம் என்பது லீக்கின் சட்டம். நின்றது ஒரே ஒரு வான். அது பஸ்ரியனை ஏற்றிக்கொண்டு போனால் கடைசி ஓட்டம் இல்லை, கிண்ணமும் இல்லை. பத்து நிமிஷம் பொறு என்று டெனிஸ் சொன்னான். இருபது நிமிஷம் ஆனது. வானுக்குள் பஸ்ரியன் துவாய் ஒன்றைக் கடித்துக்கொண்டு கிடக்க, வெளியில் கெனி முதலாவதாக வந்தான். நான் வான் கதவடியில் நின்றேன். டெனிஸின் சட்டையைப் பிடித்து உலுப்பியிருக்க வேண்டும். எனக்கும் வதிவிடப் பேப்பர் இல்லை. பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்க வேணும் போலிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கிண்ணத்தோடு வந்து, சீசனிலேயே நல்ல விழுகை இதுதான் என்று டெனிஸ் அவன் தோளைத் தட்டினான். சொன்னதைக் கேட்டாயே என்று புகழ்ந்தான். அவன் போன பிறகு பஸ்ரியன் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணை, தொப்பியைக் கண்டனான். காணாத மாதிரித்தான் ஓடினனான். இண்டைக்கு விழுறேல்லை எண்டுதான் அண்ணை ஓடினனான்.”

அவன் வேண்டுமென்று விழுந்தான் என்றுதான் ஊர் முழுக்க இன்றைக்கும் சொல்கிறது.

கடிதம் கிடைத்தது. டெனிஸ் சொன்ன சொல் தவறாதவன். ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை என்னிடம் வேலை செய்தார், சொன்னதைச் செய்பவர், இப்போது இங்கே வேலையில் இல்லை என்று எழுதியிருந்தான். நேர்முகத்துக்கு நான்தான் மொழிபெயர்க்கப் போனேன். என்ன வேலை செய்தாய் என்று அதிகாரி கேட்டார். விழுகிற வேலை என்றான் பஸ்ரியன். வெல்டிங் வேலை என்று நான் சொன்னேன். இப்போது என்ன வேலை என்று கேட்டார். பஸ்ரியன் தன் காலைக் காட்டினான். விண்ணப்பத்தை ஒத்திவைத்தார்கள்.

முழங்கால் பிறகு மடங்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, கார் நிறுத்துகிற இடமொன்றில், பெட்டிக்குள் இருந்து சீட்டுக் கிழிக்கிற வேலை கிடைத்தது. அந்த முதலாளியின் கடிதத்தில்தான் பேப்பர் வந்தது. வேரோனிக்காவுக்குக் காலைப் பற்றி அவன் எழுதவில்லை. இடுப்புக்கு மேலேதான் படம் எடுத்து அனுப்புவான். வந்த பிறகு சொல்லலாம் என்றான். நானும் எழுதவில்லை. நாலு வரி எழுதுகிற என் கை அதற்கு மட்டும் வரவில்லை.

எண்பத்தொன்பது பெப்ரவரியில் அவள் வந்து இறங்கினாள். ஊன்றி நடக்கிற பொல்லை அவள் முதலில் காணக்கூடாது என்று பஸ்ரியன் அதைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தான். நான் தடுக்கவில்லை. ஆட்களின் சப்பாத்தில் ஒட்டின பனி உருகி விமான நிலையத்துத் தரை ஈரமாகக் கிடந்தது. தள்ளுவண்டியோடு அவள் கதவால் வெளியே வந்ததும் அவன் என் கையை விட்டுவிட்டு வேகமாகப் போகப் பார்த்தான். ஐந்தாறு எட்டுத்தான் வைத்திருப்பான். அவளுக்கு முன்னால் நீட்டுக்கு விழுந்தான்.

வேரோனிக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்து வருஷம் காத்திருந்தவள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“நடிச்சது காணும், எழும்புங்கோ” என்றாள். “சனம் பாக்குது.”