எமலிங்கத்துக்கு அடுத்தது

போன வருடம் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு, திருவண்ணாமலை வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் என் கணவரும் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய். கீமோ கொடுத்தும் திரும்பி வந்துவிட்டது. கடைசி வழியாக, அவர் ரத்தத்திலிருந்தே நோய் எதிர்ப்பு செல்களை முன்பே எடுத்து, புற்றுநோயைத் தேடி அழிக்கும்படி லேபில் மாற்றி வைத்திருந்தார்கள். அதைத் திருப்பி ஏற்றத்தான் போனோம். "யார் ரத்தம் குடுத்தாங்க?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் விளக்கியே எனக்கு வாய் வலித்தது.

ஏற்றியது என்னவோ சின்னப் பைதான். அதற்கப்புறம்தான் கண்டம். காய்ச்சல் வரும், புத்தி தடுமாறலாம் என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் தினமும் வந்து பேர் என்ன, ஊர் என்ன என்று அவரைக் கேட்பார். "வித்தியாசமா எது தெரிஞ்சாலும் உடனே சொல்லுங்கம்மா" என்று என்னிடமும் சொல்லி வைத்தார்.

நானும் என் பங்குக்கு ஒரு பரீட்சை வைத்தேன். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர் ஆயிற்றே, கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். "உன் தொல்லை ஜாஸ்தியா போச்சு" என்று முனகிக்கொண்டே ஒப்பிப்பார்.

ஒருநாள் காலை, நர்ஸ் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னார். நான் கேட்டதும், "இந்திரன், அக்னி, எமன்" என்று ஆரம்பித்தார். அடுத்தது நிருதி. ஆனால் மறுபடி எமன் என்றார். திரும்பவும் எமன். விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னேன். டாக்டர் வந்து பார்த்து உடனே மருந்து ஏற்றினார். அப்படியும் மதியத்துக்குள் என் கணவர் என்னையே யாரென்று கேட்டார். ஐசியூவில் கிடந்து, மெல்ல மீண்டார்.

ஊர் திரும்பினோம். அப்புறம் மறுபடி சென்னை போய் எடுத்த ஸ்கேனில் நோய் இல்லை என்றதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன். ஆனால் கோடை முடிவதற்குள் கழுத்தில் மறுபடி கட்டி. ஆடியில் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த ஒருவர், "இதுக்கா இவ்ளோ பாடுபட்டீங்க?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்தப் பாட்டில் கிடைத்தவை, என் கணவர் என்னை அடையாளம் தெரிந்து, பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதங்கள்.

இப்போது பௌர்ணமிக்கு நான் மட்டும் சுற்றுகிறேன். எமலிங்கத்தைக் கும்பிட்டு நகரும்போது, "நிருதி" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அவர் நின்றுபோன இடத்தில் அவரைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு இன்னும் மனசு வரவில்லை.