பீலித் தண்ணீரும் என் சட்டப் புத்தகமும்

எனக்குச் சட்டம் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். நம்பியதோடு நில்லாமல் அதைப் பிறருக்கும் வழங்கினேன். அப்போது இலங்கையில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தேன். வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது ஆங்கிலச் சட்டப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. தோல் அட்டை நன்றாக இருக்கிறதே என்றுதான் எடுத்தேன். உள்ளே தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே இருந்தன. துரை அதைப் படிக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கறிக்கத்தியால் தாள்களைப் பிரித்துக்கொண்டே போனேன். பிரிட்டிஷ் பிரஜை எவனும் உண்மையை அச்சமின்றிப் பேசலாம் என்று ஓர் அத்தியாயம் சொன்னது. அடுத்த அத்தியாயம் விதிவிலக்குகளைப் பற்றியது. அதைப் பிரிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

விடியற்காலையில் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்புகிறவன் ஒருவன் எங்கள் தோட்டத்தில் இருந்தான். துரையும் கங்காணியும் ஆட்களை நிறுத்திப் பேர் பார்த்து வேலை பிரிக்கும் இடம்தான் பெரட்டு. அவன் குடியிருந்த லயத்துக்கு, அதாவது கூலிகளின் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர், மேட்டிலிருந்து மூங்கில் பீலி வழியாக வந்தது. பீலிக்கு மேலே பெரிய கங்காணியின் மாட்டுப் பட்டி. மழை பெய்தால் பட்டியில் இருப்பதெல்லாம் பீலிக்கு வந்து சேரும். அவனுடைய முதல் குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. இரண்டாவது அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நின்றான்.

"பீலித் தண்ணி நாறுதுங்க கிளாக்கரய்யா. சின்னதுக்கும் வயிறு போகுது. மொதப் புள்ளைக்கு ஆன மாதிரியே."

"கங்காணிகிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க. மாடு எப்பவும் அங்கதான்டா நிக்குது, உன் புள்ளைதான் புதுசா வந்திருக்குன்னாரு."

தோட்டத்தில் ஆட்களின் குறை எதுவானாலும் கங்காணி வழியாகத்தான் துரைக்குப் போகும். வேறு வழி கிடையாது. இந்தக் குறையோ கங்காணியின் மாடுகளைப் பற்றியது. நானே துரையிடம் சொல்லியிருக்கலாம்; தினமும் அவர் மேசைக்கு எதிரே நிற்கிறவன்தான். ஆனால் எனக்கு உத்தியோகம் இருந்தது. அதனால் பேச்சுரிமையை அவனுக்குக் கொடுத்தேன்.

"நீயே தொரைகிட்ட நேராச் சொல்லு. பெரட்டுல, எல்லார் முன்னாடியும் சொல்லு. உண்மையைச் சொன்னா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. சட்டத்துல இருக்கு."

"எந்தச் சட்டத்துலங்க?"

"இங்கிலீஷ் சட்டத்துல."

"தொரைமாரு சட்டமா? அப்ப நம்ம தொரைக்கும் தெரிஞ்சிருக்கும்" என்று நிம்மதியாகப் போனான்.

மறுநாள் பெரட்டில் பனி இறங்கியிருந்தது. அவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு முன்னால் வந்தான்.

"தொரைகளே, பீலித் தண்ணியில மாட்டு மூத்திரம் கலக்குது. புள்ளைங்க சாகுது. பட்டியை வேற பக்கம் மாத்தித் தாங்க."

துரைக்குத் திட்டுமளவுக்குத் தமிழ் தெரியும். "கங்காணிகிட்ட சொல்லு" என்றார்.

"மாடே கங்காணியோடதுங்க. அவரு யாருகிட்ட போய்ச் சொல்லுவாரு?"

கொழுந்தெடுக்கும் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. பட்டி விஷயம் துரையின் காதில் ஏறியதோ என்னவோ, சிரிப்பு ஏறிவிட்டது. அன்று மத்தியானமே அவன் மேல் பிராது எழுதச் சொன்னார். எழுதியவன் நான்தான், அது என் வேலை. கையெழுத்து அழகாக இருப்பதாகத் துரை பாராட்டினார்.

வழக்கு பதுளையில் நடந்தது. பல்வலி என்று லீவு கேட்டு, புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானும் போனேன். நீதவான் அவனைப் பார்த்து, இப்படிச் சொன்னாயா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"சொன்னேங்க. உண்மைதானுங்களே."

இதுதான் சமயம் என்று நான் புத்தகத்தோடு எழுந்தேன். ஆங்கிலத்தில் மூன்று சொல் பேசியிருப்பேன். சேவகன் என் தோளில் கை வைத்தான். இவர் வாதியா, பிரதிவாதியா, சாட்சியா என்று நீதவான் விசாரித்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவனுக்குத் துணையாக என்னையும் உள்ளே அனுப்புவதாகச் சொன்னார். உட்கார்ந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்களே, அப்படி.

பக்கத்தில் இருந்த வக்கீல் என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இந்த உண்மை கிண்மையெல்லாம் அவதூறு கேஸுக்குத்தான் உதவுங்க. இது கூலிச் சட்டம். கூலியாள் தொரைகிட்ட மரியாதையில்லாம பேசினா குத்தம். பேசினது நெசமா பொய்யான்னு கேக்கவே மாட்டாங்க." பிறகு ஒட்டியிருந்த தாள்களை விரலால் தடவிப் பார்த்தார். "இதுக்கு மேல பிரிக்கலையா?"

அவனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நான் பசறை வழியாகத் தோட்டத்துக்குத் திரும்பினேன். வருத்தப்பட வேண்டும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டேன். வரவில்லை. கால் வலித்தது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

தோட்டத்தில் வேறொருவன் தப்படிக்க வந்தான். அடி ஒழுங்காக விழாது. நான் இரண்டொரு நாள் தூங்கிப்போனேன். பட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் பெண்சாதி பெரட்டுக்கு முன்பே மேலாற்றுக்கு ஏறிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். முடியாத நாளில் பீலியில் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சத் தாள்களைப் பிரித்தேன். விதிவிலக்குகள் உரிமையைவிட நீளமாக இருந்தன. கூலிச் சட்டம் அவற்றிலும் இல்லை.

தண்டனை முடிந்து அவன் வந்தபோது தேயிலை ஸ்டோருக்குப் போகும் பாதையில் எதிர்ப்பட்டான். குழந்தை அவன் தோளில் கிடந்தது. உயிரோடு இருந்தது, கண் உள்ளே போயிருந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "ஜெயில்ல ரொம்பக் கஷ்டமா?" என்றேன்.

குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்படியில்லீங்க. தண்ணி சுத்தமா இருந்துச்சு. முன்னமே தெரிஞ்சிருந்தா புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்."