மாப்பிள்ளை சஹனுக்கு ஒரு வான்கோழி

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன் இல்லை. நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் கிணற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டு, "கயிறு எங்கே?" என்று கேட்கிற இனம். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அப்பளம் பொரிக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்ததால்தான் அந்தப் பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில், மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே இருந்த எங்கள் வீட்டில் என் தங்கையின் கலியாணம். வாப்பா மவுத்தாகிக் கண்ணை மூடிவிட்டதால் வீட்டுக்குப் பெரிய ஆள் நான். மாப்பிள்ளை வீட்டார் கலேவெலயில் வெங்காயம், மிளகாய் வியாபாரம் செய்பவர்கள். எங்கள் கலியாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். மாப்பிள்ளை உட்காரும் சஹனில் மட்டும், சோற்றின் நடுவே, வெட்டாமல் முழுசாகப் பொரித்த கோழி ஒன்று இருக்கும். அந்தக் கோழியைப் பார்த்துத்தான் பெண் வீட்டாரின் மனசை அளப்பார்கள்.

நாள் குறிக்க வந்த அன்று மாப்பிள்ளையின் நானா, அதாவது அவருடைய அண்ணன், பேச்சோடு பேச்சாக, "எங்கட ஊர்ல போன மாசம் ஒரு சஹன்ல ரெண்டு கோழி வெச்சாங்க" என்றார். சும்மா சொன்னதைச் சும்மா விட எனக்குத் தெரியாது.

"கோழி எல்லாம் எதுக்குங்க? நாங்க வான்கோழி வைக்கிறோம். முழுசா, பொரிச்சு!"

கதவுக்குப் பின்னால் உம்மா இருமினாள். அந்த இருமலுக்கு எங்கள் வீட்டில் 'வாயை மூடு' என்று அர்த்தம். இருமல் பிந்திவிட்டது. வந்தவர்கள் திரும்பிப் போய்ச் சேர்ந்த அன்றைக்கே கலேவெல சந்தை முழுக்க வான்கோழி பறந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து பங்களாவில் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, என்று வான்கோழி வளர்த்தார்கள். அதில் ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்தேன். கலியாணத்தன்று காலையில் அதை அறுத்துச் சுத்தம் செய்து வைத்ததும், சமையலுக்கு வந்திருந்த கோக்கியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது கோழியில்ல, ஆட்டுக்குட்டி. வெட்டித் தாங்க, கறி வைக்கிறேன். இல்லாட்டி பேக்கரிப் போறணையில வெச்சு எடுங்க. முழுசா எண்ணெயில போடுற வேலைக்கு நான் வரமாட்டேன்."

நல்ல யோசனை. ஆனால் நான் சொன்னது 'பொரிச்சு'. போறணையில் வேகவைத்தால் சொன்ன சொல் என்னாவது? நானே பொரிக்கிறேன் என்று சட்டையைக் கழற்றினேன்.

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் கூடப்பிறந்தவன். நானும் அவனும் ஒரே வயது, ஒரே வகுப்பு. டவுனில் தையல் கடை வைத்திருந்தான். அவனைப் போலப் பயந்தவனை நான் கண்டதில்லை. பஸ் வளைவில் திரும்பினால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்வான். நாய் தூங்கினாலும் சுற்றுப் பாதையில் போவான். அவன் பஸ்ஸில் உட்காருவதை நடித்துக் காட்டித்தான் எங்கள் குடும்பத்தில் நான் பெரிய பேர் வாங்கியிருந்தேன். அவன் முன்னாலேயே நடித்துக் காட்டுவேன். அவனும் சிரிப்பான்.

அன்றைக்கு அவன் வந்து வான்கோழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"செய்யத்தான் போறியா?"

"செய்யத்தான் போறேன்."

"அப்ப நானும் ஈக்கிறேன்."

இருந்தான். இருந்து என் உயிரை எடுத்தான். சோறு சமைக்கிற கிடாரம் ஒன்றை நான் எண்ணெய் ஊற்றக் கொண்டு வந்தால், "முதல்ல தண்ணிய ஊத்தி கோழிய எறக்கிப் பாப்போம். தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு தெரிஞ்சாத்தான் எண்ணெய் எவ்வளவு ஊத்தணும்னு தெரியும்" என்றான். இறக்கினோம். தண்ணீர் வழிந்து அவன் காலை நனைத்தது. "இது எண்ணெயா ஈந்தா?" என்று கேட்டான். கோழியைத் தூக்கிவிட்டு, மீதித் தண்ணீர் நின்ற இடத்துக்கும் இன்னும் கீழே கிடாரத்தின் உள்ளே ஆணியால் ஒரு கீறல் போட்டான். பிறகு கிடாரத்தைக் கவிழ்த்துத் துடைத்து, வெயில் இல்லாததால் நெருப்பில் காட்டிக் காயவைத்தான்.

எங்கள் பக்கத்தில் முழுக்கோழியை முதலில் மசாலாத் தண்ணீரில் அரைவேக்காடாக அவித்துத்தான் பொரிப்பார்கள். அப்படி அவித்து எடுத்த வான்கோழியை அவன் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். சொட்டுச் சொட்டாக வடிந்தது நின்ற பிறகும் விடவில்லை. கடையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டு வந்து, உள்ளேயும் வெளியேயும் ஒற்றி ஒற்றித் துடைத்தான்.

"என்ன மச்சான், மவுத்தான மையத்துக்குக் கபன் துணி சுத்துறியா? தொழுகைக்கு ஆள் சேத்துட்டு வரட்டா?" என்றேன். கோக்கியார் கரண்டியோடு சிரித்தார். மச்சான் துடைத்துக்கொண்டே இருந்தான். அவித்த முட்டைகளை வயிற்றுக்குள் வைத்து, அவனே சாக்கு ஊசியால் தைத்தான். ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டான். ஆவி போக வழி வேண்டுமாம்.

அதற்குள் மழை தூற ஆரம்பித்தது. இதுதான் அன்றைய பெரிய சிக்கல். வெளியே அடுப்பு வைத்தால் மழைத்துளி எண்ணெயில் விழும். உள்ளே வைத்தால் மேலே கிடுகுப் பந்தல்; காய்ந்த தென்னங்கிடுகு. பின்வாசல் பந்தலும் முன்வாசல் பந்தலும் வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்த்துக் கட்டியது. பின்கதவுக்கு அந்தப் பக்கம் அறையில் தங்கையை உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

"மழை விடட்டும்" என்றான் மச்சான்.

"மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்திருவாங்க."

"வந்தா உக்காரட்டும். பந்தலுக்குக் கீழ மட்டும் வெச்சிராத." சொல்லிவிட்டு, மணல் அள்ள வாளியோடு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

அவன் போனதும் என்னுடைய மூளை வேலை செய்யத் தொடங்கியது. அடுப்பைப் பந்தலின் ஓரத்துக்கு, மழை படாத இடத்துக்கு நகர்த்தினேன். ஓரம்தானே! எண்ணெயை ஊற்றி, விறகை முட்டி முட்டி வைத்தேன். சூடு ஏறுகிற நேரத்தில் வான்கோழியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். மச்சான் துடைத்துத் துடைத்து அதைக் கருவாடு ஆக்கிவிட்டான் என்று தோன்றியது. மாப்பிள்ளை பிய்க்கும்போது சாறு வர வேண்டாமா? அவித்த மசாலாத் தண்ணீர் ஒரு கோப்பை எடுத்து, அவன் விட்டிருந்த இடைவெளி வழியாக ஊற்றினேன். ஊற்றியது வெளியே வரப் பார்த்ததால், நானே ரெண்டு தையல் போட்டு வாயை மூடினேன். தையல்காரன் மச்சானை மிஞ்சிவிட்டோம் என்று ஒரு பெருமை வேறு.

மச்சான் மணலோடு வந்து அடுப்பு நின்ற இடத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் எண்ணெய் அப்போதே புகைய ஆரம்பித்திருந்தது; அந்தக் கொதிப்போடு கிடாரத்தை யாரும் தூக்கி நகர்த்த முடியாது.

"விறக எல்லாம் இழு. நெருப்பு அணைஞ்சு, எண்ணெய் ஆறட்டும்."

"இப்ப வருவாங்கடா! நீ அந்தப் பக்கம் கம்பப் பிடி."

கால்களைக் கட்டிய கயிற்றில் கம்பைச் செருகி, ஆளுக்கொரு முனை பிடித்தோம். "எறக்க முந்தி நெருப்பையாவது வெளிய இழுப்போம்" என்று இன்னொரு தடவை சொன்னான். நான் இறக்கிவிட்டேன். நான் இறக்கினால் அவனும் இறக்கத்தானே வேண்டும்?

மார்பு எண்ணெயைத் தொட்டபோது சடசடவென்று இனிமையான சத்தம். "கேட்டியா?" என்று நான் கண்ணடித்தேன். பாதி இறங்கியபோது என்னுடைய ரெண்டு தையலும் விட்டன.

உள்ளே இருந்த கோப்பைத் தண்ணீர் அப்படியே எண்ணெய்க்குள் போனது. பால் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் அப்படிப் பொங்கி, கிடாரத்தின் வாயைத் தாண்டி நெருப்பில் வழிந்தது. அடுத்த கணம் என் முகத்துக்கு நேரே ஒரு நெருப்புச் சுவர். அது எழும்பி மேலே கிடுகின் நுனியை நக்கியது. எனக்குக் கம்பை விடவும் தெரியவில்லை, தூக்கவும் தெரியவில்லை. தொண்டையில் ஒரு வார்த்தைதான் இருந்தது: "தண்ணி! தண்ணி!"

கோக்கியார் நிறை வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்க!"

அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மச்சான் தன் முனைக் கம்பை, வான்கோழி எண்ணெயை விட்டு எழும்பும்படி மேலே தூக்கிப் பந்தல் காலின் கவையில் மாட்டிவிட்டு, கோக்கியாருக்கும் அடுப்புக்கும் நடுவே போய் நின்றான். வீசிய தண்ணீர் முழுவதும் அவன் மேல். எண்ணெயில் ஒரு துளி விழவில்லை. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த தகரத்தைக் கேடயம் மாதிரிப் பிடித்து, ஓரத்திலிருந்து தள்ளிக் கிடாரத்தின் வாயை மூடினான். அந்தத் தகரத்தைக் காலையில் அவன் அங்கே கொண்டு வந்து வைத்தபோது நான்தான், "வான்கோழிக்கு வீடு கட்டுறியா?" என்று கேட்டேன்.

"மேல பாரு! கிடுக இழு!" என்று கத்தினான். என் முனைக் கம்பை அதற்குள் கோக்கியார் தாங்கிக்கொண்டார். நான் தாவி எரிகிற கிடுகைப் பிடித்து இழுத்தேன். அது பக்கத்துக் கிடுகையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஈரமுற்றத்தில் போட்டு மிதித்தேன். உள்ளங்கை வெந்தது அப்போது தெரியவில்லை. மச்சான் அடுப்பில் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பின்கதவு திறந்தது. கலியாணச் சேலையில் தங்கை தலையை நீட்டினாள்.

"என்ன நானா சத்தம்?"

அவள் தலைக்கு மேல் ஒரு கை உயரத்தில் கிடுகின் ஓரம் ஒன்று இன்னும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது.

"ஒன்னுமில்லம்மா. பொரியுது. உள்ள போ."

கதவு மூடியது. மச்சான் நனைந்த துணியைக் கம்பில் சுற்றி அந்தக் கனலை அமுக்கினான். 'ஸ்ஸ்' என்ற அந்தச் சின்னச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தக் கதவு திறப்பதற்கு முன்னால் நெருப்பு கொஞ்சம் முந்தியிருந்தால், நான் யாருக்கு விருந்து வைத்திருப்பேன்? இதை எழுதும்போதும் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டுத்தான் தொடர வேண்டியிருக்கிறது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் ஆறும்வரை தகரத்தை யாரையும் தொட விடவில்லை அவன். மழை விட்டதும் முற்றத்தின் நடுவே, சமதரையில், வேறு அடுப்பு வைத்தான். எண்ணெயில் கலந்த தண்ணீர் வற்றிச் சத்தம் முழுசாக அடங்கும்வரை மெல்லிய நெருப்பில் காய்ச்சினான். என் தையலைப் பிரித்து, வான்கோழியைத் திரும்பவும் தொங்கவிட்டுத் துடைத்தான். இந்தத் தடவை துணியை எடுத்துக் கொடுத்தது நான். இறக்குவதற்கு முன் விறகை எல்லாம் வெளியே இழுத்தான். இறக்கி, பொரிகிற சத்தம் ஒரு சீராக வந்த பிறகுதான் விறகைத் திரும்பச் செருகினான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருக்கத்தான் செய்தார்கள். யாரும் கோபிக்கவில்லை. சஹனில் வான்கோழி உட்கார்ந்தபோது ஒரு பக்கம் மாத்தளை மழையில் நனைந்தது போல வெளிறியும், மறுபக்கம் கலேவெல வெயிலில் காய்ந்தது போலக் கறுத்தும் இருந்தது. கறுத்த பக்கத்தைச் சோற்றுக்குள் அமுக்கி வைத்தேன். மாப்பிள்ளையின் நானா விரலை நக்கிக்கொண்டே என் கையில் சுற்றியிருந்த துணிக் கட்டைப் பார்த்து, "என்ன காயம்?" என்றார். "சுடுசோறு அள்ளிப் போட்டதுல வந்ததுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு மச்சான் பஸ்ஸில் உட்காருவதை நடித்துக் காட்டுவதை நான் விட்டுவிட்டேன். பயந்தவன் என்று யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவன் எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தான் என்பது எரிகிற கிடுகைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நடிப்பதற்குப் பதிலாக இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். போன வருஷம் ஒரு கலியாண வீட்டிலும் சொன்னேன். மச்சானும் பக்கத்தில் இருந்தான். வழக்கம் போல, "எரியுது, எல்லாரும் கத்துறோம், இவன்ட கை ஒரு பொட்டு நடுங்கல்ல!" என்று முடித்துவிட்டு, கைதட்டலுக்காக அவன் பக்கம் திரும்பினேன்.

"நடுங்கிச்சு. நீ பாக்கல்ல" என்றான்.