புத்தூரில் அலறியவன்

திருப்பதி காய்கறி மார்க்கெட்டில் அவனும் நானும் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். நான் எந்த ஊரிலும் நிலைக்காதவன். அவனோ மார்க்கெட்டை விட்டால் வேறு பிழைப்பு அறியாதவன். ஒரு நாள் தக்காளிப் பெட்டிகள் சரிந்து அவனுடைய வலது கை முறிந்தது. ரயிலேற்றி, எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் கட்டுப் போடும் புத்தூருக்குக் கூட்டிப் போனேன்.

எலும்பை இழுத்துச் சேர்க்கும்போது, "நைனோவ்! வுட்ருங்க சாமி!" என்று அலறி, பிடியிலிருந்து திமிறி, முறிந்த கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் கும்பிட்டான். வரிசையில் காத்திருந்த எவனோ அதைப் போனில் பிடித்துவிட்டான். மறுபடி இழுத்து, பச்சிலை அரைத்துப் பூசி, முட்டையில் நனைத்த துணியைச் சுற்றி, கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சில நாளில் அவன் எல்லார் போனிலும் இருந்தான். தேர்தலில் தோற்ற தலைவர் படத்துக்குப் பின்னால் அவன் குரல். கேட்ச் விட்ட ஆட்டக்காரனுக்கும், முதல் காட்சியிலேயே படுத்துவிட்ட படத்தின் ஹீரோவுக்கும் அதே கும்பிடு. வெள்ளத்தில் வீடு போனவர்களைப் பற்றிய செய்தியின் கீழும் யாரோ அவனை ஒட்டியிருந்தார்கள். நைனா என்றால் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் அப்பாதான்; அதனால் எல்லைக்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீக்கடையில் காலேஜ் பையன்கள் அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அண்ணா, ஒரு தபா கும்புடுண்ணா."

"ஒக்கசாரி அன்னா," என்று தெலுங்கில் கெஞ்சினான் இன்னொருவன்.

"கட்டு போட்டுக்கிறாங்கடா, தூக்கக் கூடாது," என்றேன்.

"நீ சும்மா இரு. இத்தினி வருசமா மூட்டை தூக்கிக்கினு இருந்தேன், எவன் என்னெ பாத்தான்?" என்றவன், கட்டோடு கையைத் தலைக்கு மேல் தூக்கி "நைனோவ்!" என்றான். முகம் வெளுத்துப்போயிற்று. பையன்கள் அதையும் நடிப்பென்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கினான். கேட்காதவர்களுக்கும் தூக்கினான். கட்டு விரிசல் விட்டது. புத்தூருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது, முழங்கை நீளவில்லை. மறுபடி உடைத்துத்தான் கட்ட வேண்டும் என்றார்கள்.

அவனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட. அங்கிருந்தே டீக்கடைக் காலேஜ் பையன்களில் ஒருவனுக்குப் போன் போட்டான்.

"தம்பி, திரும்ப ஒடைக்கப் போறாங்க. வந்து எடுத்துக்கினு போறியா?"

"அது ஓடி முடிஞ்சிபோச்சுண்ணா. இப்போ கல்யாண மேடை ஒடைஞ்சி மாப்ளே கீழ வியற வீடியோதான் ஓடுது."

போனை வைத்தவன் எழுந்து வெளியே வந்துவிட்டான். பார்க்க ஆளில்லாத வலி அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு சொல்லியும் திரும்பி உள்ளே போகவில்லை.

மறுநாள் மார்க்கெட்டில் மேஸ்திரி அவன் கையைப் பிடித்து நீட்டப் பார்த்தார், நீளவில்லை.

"இத்த வெச்சிக்கினு மூட்டையா தூக்குவே? போய் குந்து, போ," என்று வேறொருவனைக் கூப்பிட்டார்.

அவன் காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான். கோணிய கை, போனைப் பிடிக்க மட்டும் சரியாக வளைந்திருந்தது. நான் லாரியில் பாதி இறக்கியிருந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"டேய், இங்க வந்து பாருடா, மாப்ளே எப்டி வியறான் பாரு!"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.