விசில் ஊதாத சூப்பர்வைசர்

போன வெள்ளிக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பூந்தமல்லியிலிருந்து, என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த நசீமாவின் மகன் போன் செய்தான். “ஆன்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க. ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவோம்” என்றான். ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன். அங்கே போனால், கூடத்தில் எங்கள் பழைய லைன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் சேர்ந்து அழுதோம். அப்புறம் யாரோ ஒருத்தி ஏதோ சொல்ல, சிரித்துவிட்டோம். துக்க வீட்டில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று யாரும் முறைக்கவில்லை. நசீமாவின் மருமகளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அத்தை சூப்பர்வைசர் ஆன கதையைச் சொல்லுங்க” என்றாள். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நசீமாவைத் தெரிந்தவர்கள் தப்பிருந்தால் திருத்துங்கள், ரொம்பவும் திருத்திவிடாதீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறிக்குக் காயில் சுற்றும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருவேன். என் வீட்டுக்காரர் அங்கே டிஃபென்ஸ் தொழிற்சாலையில் இருந்தார். நசீமா பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வருவாள். அவள் வீட்டுக்காரர் அங்கே தையல் கடை வைத்திருந்தார். வைண்டிங் லைன் முழுக்கப் பெண்கள்தான். எங்களுக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் மட்டும் ஆண். கழுத்தில் விசில் மாட்டியிருப்பார். யாராவது தலை நிமிர்ந்தால் ஊதுவார், தண்ணீர் குடிக்கப் போனால் ஊதுவார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவென்று பாதிப்பேருக்குத் தெரியாது. விசில்காரர் என்றால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

சாயங்காலம் டார்கெட் முடிக்காதவர்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிற்க வைத்துத் திட்டுவார். அதற்கு நசீமா ஒரு வழி கண்டுபிடித்தாள். வேகமாகச் சுற்றுகிறவர்கள் தங்கள் காயில்களில் கொஞ்சத்தை எடுத்து, பின்தங்கியிருப்பவள் ட்ரேயில் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள். எங்களுக்குள் அதற்குக் கைமாத்து என்று பேர். லைனிலேயே வேகமானவள் நசீமா. புதிதாகச் சேர்ந்த கஸ்தூரியின் ட்ரே பெரும்பாலும் நசீமாவின் கைவேலையால்தான் நிரம்பும்.

கம்பெனி திருமழிசையில் இன்னொரு யூனிட் திறந்தது. விசில்காரரை அங்கே அனுப்பினார்கள். மேனேஜர் நசீமாவைக் கூப்பிட்டு, “ஆயுத பூஜை வரைக்கும் நீ பாரு. சரிப்பட்டு வரலேன்னா அவரையே திருப்பிக் கூப்பிட்டுக்கறேன்” என்றார். எஸ்டேட்டில் நாங்கள் அறிந்தவரை பெண் சூப்பர்வைசர் கிடையாது. அவள் நின்றால் நாங்களும் தப்பித்தோம், அவள் விழுந்தால் மறுபடி விசில். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் நசீமா கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வந்தாள். நடையே மாறியிருந்தது. மத்தியானம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக விசில்காரரின் கண்ணாடி அறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சூப்பர்வைசர் என்றால் அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. நசீமா கொண்டுவரும் தால்சா என்ற பருப்புக் குழம்புக்காகவே காலையில் அரை வயிற்றோடு வருகிறவள் எங்கள் லைன் மேரி. அவள் எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“இன்னா நசீமா, நீ சூப்பர்வைசரா ஆயிட்ட, சரி. தால்சா இன்னா பாவம் பண்ணுச்சு? அத்த மட்டுமாவது வெளிய அனுப்பு!”

நசீமா உள்ளே இருந்தபடியே சிரித்துவிட்டாள். டப்பாவோடு வெளியே வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். கஞ்சிப் புடவை அன்றோடு சரி. இந்தத் தப்பை அவள் அரை நாளில் திருத்திக்கொண்டாள். அடுத்தது அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. காயில் சுற்றும்போது செம்புக் கம்பியை ரொம்ப இழுத்தால் அதன் மேல் இருக்கும் பூச்சு உரிந்துவிடும். டெஸ்டிங் மேசையில் வைத்தால் ஷார்ட் என்று காட்டிவிடும். ஆர்டர் அவசரத்தில் அப்படி ரிஜெக்ட் ஆகிற காயில்கள் கூடிக்கொண்டே போயின. மேனேஜர் நசீமாவைக் கூப்பிட்டு, “இது யார் சுற்றினது?” என்று கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கைமாத்தில் எல்லாருடைய காயிலும் எல்லாருடைய ட்ரேயிலும் கலந்து கிடந்தது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவளே அவள்தான், அதையும் மேனேஜரிடம் சொல்ல முடியாது.

நசீமா எங்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வந்து ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். “இனிமே யாரும் யார் ட்ரேயிலயும் காயில் வைக்கக் கூடாது. வெச்சா நான் பேசமாட்டேன், ஆபீஸ் பேசும்” என்றாள். லைனில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மேரி வாயை அடக்குகிற பெண்ணே இல்லை.

“நேத்து வரைக்கும் என் டப்பாவுல கைய உட்டு துன்னுகினு இருந்தவ, இன்னிக்கு ஸ்டூல் மேல ஏறி நின்னுகினு ஆர்டர் போடுறா பாரு. அந்த விசிலயும் வாங்கி மாட்டிக்கோ தாயே!”

அந்த வாரம் முழுக்க மத்தியானம் சாப்பிடும்போது யாரும் அவளோடு பேசவில்லை. தால்சா டப்பாவை மேரிகூடத் தொடவில்லை. கைமாத்து நின்றதால் கஸ்தூரி போன்றவர்கள் பின்தங்கினார்கள். டார்கெட் குறைந்தது. நசீமா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் பின்தங்கினாலும், “நகரு, நான் சுத்தறேன்” என்று அவளை எழுப்பிவிட்டுத் தானே மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். இந்த மெஷினில் கொஞ்சம், அந்த மெஷினில் கொஞ்சம் என்று லைன் முழுக்க ஓடினாள். டீ குடிக்க நேரமில்லை, தண்ணீர் குடிக்க நேரமில்லை. எழுப்பப்பட்டவள் சுவர் ஓரம் நின்று வேடிக்கை பார்ப்பாள். முகம் வாடி, கண்ணெல்லாம் உள்ளே போய், நசீமா பாதியாகிவிட்டாள். ரிஜெக்ட் மட்டும் குறையவில்லை, இன்னும் கூடியது. மேனேஜர், “அடுத்த வாரமும் இப்படியே இருந்தா அவரை வரச்சொல்லிடுவேன்” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. “நான் இன்னாடி தப்பு பண்றேன்? சொல்லுங்க. கோச்சுக்க மாட்டேன்” என்றாள். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டோம். ஸ்டூல் மேல் ஏறி நின்றதை மேரி சொன்னாள். கேட்காமல் கைமாத்தை நிறுத்தியதை நான் சொன்னேன். கஸ்தூரி ரொம்ப மெதுவாக, “என்ன எழுப்பிவிட்டா நான் எப்பக்கா கத்துக்கறது?” என்றாள். நசீமா குறுக்கே பேசாமல் கேட்டாள். கண் கலங்கியது, ஆனாலும் எழுந்து போகவில்லை. பிற்பாடு வேறு லைனுக்குப் புதிய சூப்பர்வைசர் யார் வந்தாலும் அவள் சொல்லும் ஒரு வாக்கியம் அன்றைக்குப் பிறந்ததுதான்: “கேட்டுட்டு சொல்லு. சொல்லிட்டு கேக்காத.”

கைமாத்தும் வேண்டும், யார் சுற்றியது என்றும் தெரிய வேண்டும். என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது, சுற்றி முடித்த காயில் கலையாமல் இருக்க நாங்கள் கட்டும் வெள்ளை நூலைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை ஆளுக்கொரு கலரில் கட்டினால் என்ன? யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை சண்டை. நான்தான் என்று நான் சொல்கிறேன், மேரி ஒத்துக்கொள்ள மாட்டாள். மறுநாள் நசீமா தன் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒரு பை நிறைய நூல்கண்டு கொண்டுவந்தாள். மேரிக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள், கஸ்தூரிக்கு நீலம். “நானும் நடுநடுவுல உக்காருவேன் இல்ல?” என்று பச்சையை எடுத்து அவளே வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டெஸ்டிங் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். கஸ்தூரிதான் மாட்டுவாள் என்று பலர் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் பயந்துகொண்டிருந்தாள். ரிஜெக்ட் ட்ரேயில் நீலம் ஒன்றிரண்டு இருந்தது. மற்றதெல்லாம் பச்சை. ஒரு மெஷினில் நிதானமாக உட்கார்ந்திருந்தவரை நசீமாவின் கையில் ஒரு காயில்கூடத் தப்பாகப் போனதில்லை. லைன் முழுக்க ஓடி ஓடி, அவசரத்தில் கம்பியை இழுத்து, பூச்சை உரித்தவள் அவளே.

மேரிதான் சட்டென்று கத்திரிக்கோலை எடுத்தாள். “பச்சைய வெட்டிட்டு வெள்ளை நூலு கட்டிடலாம். எவனுக்குத் தெரியப் போவுது? இத்த பாத்தா மேனேஜரு நாளைக்கே விசில்காரர இட்டுகினு வந்துடுவாரு.” போன வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவள் சொன்னது அது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நசீமா அவள் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டாள். “இத்த வெட்டிட்டா, நாளைக்கு உன் காயிலப் பத்தி நான் வாயத் தொறக்க முடியுமாடி?” என்றாள். பிறகு ட்ரேயை ஒருமுறை பார்த்தாள். அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “எத்தினி பச்ச! கொத்தமல்லிக் கட்டு வித்துகினு இருக்கறா மாதிரி கீது!” என்றாள். அவள் வேலையே போகப் போகிறது, அவள் சிரிக்கிறாள். எங்களால் அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ட்ரேயை நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனோம். நசீமா நேராகச் சொன்னாள்: “சார், பச்சை நூல் என்னோடது. கெட்டுப்போன காயில் எல்லாம் நான் சுத்தினது. இவங்க வேலைய நான் புடுங்கி செஞ்சதால வந்த வினை.” மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை எப்படி நிறுத்தப் போறே?” என்றார். “நான் மெஷின்ல உக்கார மாட்டேன் சார்” என்றாள். “அவ்வளவுதானா?” என்றார். “அதுதான் சார் ரொம்பக் கஷ்டம்” என்றாள் நசீமா. மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கஷ்டம்தான். கஸ்தூரி தட்டுத் தடுமாறிச் சுற்றுவதைப் பார்க்கும்போது நசீமாவின் விரல்கள் துடிக்கும். அதனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பாள். உதடு மட்டும், “மெதுவா... இழுக்காத... அவ்ளோதான்” என்று முணுமுணுக்கும். திட்ட வேண்டியிருந்தால் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகத் திட்டுவாள். பாராட்டு மட்டும் டீ நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி. கைமாத்தும் கலர் கலராகத் தொடர்ந்தது. ஆயுத பூஜைக்கு முன்பே ஆர்டர் முடிந்து லாரி ஏறியது. பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தோம். மேனேஜர் பொரிகடலைக் கூடையை நசீமா கையில் கொடுத்து, “லைனுக்கு நீதானே சூப்பர்வைசர், நீயே குடு” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கஸ்தூரி அழுதேவிட்டாள். தொண்ணூறுகளில் அந்தக் கம்பெனி மூடும்வரை நசீமாதான் எங்கள் சூப்பர்வைசர். கஸ்தூரி பிற்பாடு வானகரத்தில் ஒரு கம்பெனியில் லைன் லீடர் ஆனாள். போன வெள்ளிக்கிழமை நசீமா வீட்டுக் கூடத்தில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவளும் அவள்தான், அதிகமாகச் சிரித்தவளும் அவள்தான்.

நசீமாவிடமிருந்து எனக்கென்று என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த வருடம்தான் என் வீட்டுக்கு மருமகள் வந்திருக்கிறாள். மருமகள் வந்த வீட்டில் மாமியார் புது சூப்பர்வைசர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். நேற்று அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மாவைத் தடிமனாக ஊற்றினாள். திருப்புவதற்குள் ஒரு பக்கம் பிய்ந்தது. “நகரு” என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

“இன்னா அத்தே, ஏன் கையக் கட்டிகினு நிக்கிறீங்க? முதுகு வலிக்குதா?” என்றாள்.

“இல்லடி. இழுக்காத, மெதுவா. அவ்ளோதான்” என்றேன்.

அடுத்த தோசை முழுசாக வந்தது.